‘சித்தி மகள்’ என்றேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், தன் பாலினத்தவரையே நேசிக்கும் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி வந்த கட்டுரையில், “அலுவலகத்தில் மனம்விட்டுச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும்” என்றொரு வரி. நாலு நாளாக உறுத்துகிறது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வேலை பார்க்கிறவர் அப்படி எழுதமாட்டார்.

இங்கே ஊர் வேறு, அலுவலகம் வேறு இல்லை. பக்கத்து மேசைக்காரர் சித்தப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார், ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில் பூசைக்கு வருவார். நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். ஆறு வருடம் என் டிபனில் கைபோட்டு மரச்சீனிக் கிழங்கு எடுத்துத் தின்றவள். மறுநாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த மாதமே செய்தி அம்மா காதுக்குப் போனது. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூன்று கல்யாண ஆலோசனை கொண்டுவந்தார்.

பிறகு வேறு அலுவலகம். ஒன்பது வருடமாக என்னோடு வாழ்பவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று லீவு கேட்டேன். “யாரு உங்களுக்கு?” என்றார் மேலாளர். “சித்தி மகள்” என்றேன். இரண்டு நாள் கிடைத்தது. கணவருக்கென்றால் ஒரு வாரம் தருகிறார்கள். மூன்றாம் நாள் கஞ்சியைக் கட்டிலருகே மூடிவைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் எங்களைக் குற்றவாளிகள் இல்லை என்றது. வேலையைக் காக்கும் சட்டம் அதோடு வந்துவிடவில்லை. வேலையிடத்தில் பாகுபாடு கூடாதென்று திருநங்கை, திருநம்பி முதலான திருநர்களுக்கு 2019இல் சட்டம் வந்தது. தனியார் நிறுவனத்தில் எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. இது ஆசிரியருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எங்களைச் சொல்லச் சொல்கிறீர்கள்.

அந்தத் தீர்ப்பு வந்த சமயத்தில் உங்கள் பக்கங்களில் ‘கலாச்சாரச் சீரழிவு’ என்று கடிதம் கடிதமாக வந்தது. நானும் பதில் எழுதினேன். வரவில்லை. சென்னை உயர் நீதிமன்ற வழக்கையொட்டி 2022இல் அரசிதழில் எங்களைக் குறிக்க மரியாதையான சொற்பட்டியலே வெளியாகிவிட்டது. உங்கள் துணைத்தலைப்பில் இன்னும் ‘ஓரினச் சேர்க்கை’தான்.

கேட்பது இரண்டுதான். அந்தச் சொல்லை விடுங்கள். அடுத்தமுறை ‘சொல்லுங்கள்’ என்று எழுதினால், சொன்னதால் வேலை போனால் யாரிடம் போவது என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டு நாலு வரி சேருங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். ஊரையும்.

வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்