எழுத்துப் பிரதி இல்லாத நாடகத்துக்கும் ஒரு மண்டபம் தாருங்கள்

யாழ்ப்பாணத்தில் மாணவர் நிகழ்ச்சிகளுக்கு மண்டபமும் அனுமதியும் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நேரடியாகவே விஷயத்துக்கு வருகிறேன். இம்ப்ரோவ் என்று பிள்ளைகள் சொல்லும் உடனடி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றை நடத்த மாணவர்கள் சிலர் மண்டபம் கேட்டார்கள். முழு எழுத்துப் பிரதியையும் முன்கூட்டியே தந்தால்தான் அனுமதி என்று பதில் வந்தது. அவர்களிடம் பிரதி இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அன்றைக்கு வந்திருக்கும் சனம் என்ன சொல்லுகிறதோ அதை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே, ஒருவர் வாயை ஒருவர் பார்த்து உருவாக்குகிற நாடகம் அது. கடைசியில் ஒரு ரியூசன் கொட்டகையில் வாங்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தகரக் கூரைக்குக் கீழே, ஒலிவாங்கிகூட இல்லாமல் செய்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

மேடைப் பொருள் என்று இரண்டு பிளாஸ்டிக் கதிரை மட்டும். நடத்துகிற பிள்ளை முன்னால் வந்து ஒரு இடமும் ஒரு உறவும் சொல்லச் சொன்னாள். யாரோ "நல்லூர்த் திருவிழா" என்றார்கள், பின்வாங்கில் இருந்து இன்னொருவர் "மாமியும் மருமகளும்" என்றார். அடுத்த நொடி ஒரு மாணவி நிலத்தில் குந்தி, கையில் இல்லாத சுண்டால் கச்சான் அளந்து, இல்லாத கடதாசிச் சுருளில் போடத் தொடங்கினாள். ஒரு பெடியன் வாங்க வந்து விலை கேட்டான். "உங்கட அம்மா போன கிழமை வாங்கின காசே இன்னும் தரேல்லை" என்றாள் அவள். தனக்கு அங்கே ஒரு அம்மா இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரியும். கொஞ்சம் திகைத்தான், பிறகு சொன்னான்: "ஓம், காசைக் குடுக்கச் சொல்லித்தான் என்னை அனுப்பினவ. ஆனா எங்கட கலியாண எழுத்து முடிஞ்சது அவவுக்கு இன்னும் தெரியாது." கொட்டகை அதிர்ந்தது. அவள் ஒரு கணமும் தயங்காமல் சுருளில் இன்னொரு பிடி அள்ளிப் போட்டு, "அப்ப இதை மாமியிட்டக் குடுங்கோ, காசு வேண்டாம்" என்றாள்.

இதில் ஒரு வரியும் யாரும் எழுதியதில்லை. "எனக்கு அம்மா இல்லை" என்று அவன் ஒரு சொல் மறுத்திருந்தால் காட்சி அங்கேயே விழுந்திருக்கும். மற்றவர் சொன்னதை ஏற்று, அதோடு தன்னுடையதில் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பதுதான் இந்தக் கலையின் முதல் விதி. அப்படிச் செய்ய வேண்டுமானால் முதலில் மற்றவர் சொல்லுவதைக் கேட்க வேண்டும். கொப்பியைப் பார்த்து மனப்பாடம் செய்து, பரீட்சை மண்டபத்தில் அப்படியே எழுதிவிட்டு வரப் பழகிய எங்கள் பிள்ளைகளிடம் இப்படி ஒரு கவனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு ஆளுக்கு ஒரு சொல்லாகக் கதை சொன்னார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் முழு வாக்கியமும் கடைசி ஆளின் கையில் தொங்குகிறது, "மினிபஸ்" "கொண்டக்டர்" "அப்பம்மாவை" என்று வரிசையாக வந்து, ஏற்றினாரா இறக்கினாரா என்று எல்லோரும் கடைசிப் பெடியனின் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தோம். எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சில். இதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வழமையாக எங்கள் இளம் பிள்ளைகள் பகிடி விடுவதென்றால் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் ராகத்தை இரவல் வாங்கித்தான் விடுகிறார்கள். இங்கே யோசிக்க நேரமில்லை, அதனால் இரவல் வாங்கவும் நேரமில்லை, வீட்டில் கதைக்கிற தமிழ்தான் வாயில் வந்தது.

இது வெறும் கூத்தடிப்பு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. இந்தப் பயிற்சிகளின் வேர் பிள்ளைகளுக்கான விளையாட்டுகளில் இருக்கிறது. சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற ஆசிரியை, பல நாடுகளில் இருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க, பாடமாக இல்லாமல் விளையாட்டுகளாக உருவாக்கியவை அவை. அவருடைய மகன் போல் சில்ஸும் நண்பர்களும் 1959இல் அங்கே தொடங்கிய செக்கண்ட் சிற்றி அரங்கில் அவை வளர்ந்தன. எங்கள் ஊருக்கும் இது அந்நியம் இல்லை. இசை நாடகத்தில் பபூன் வந்து அன்றைய ஊர்ப் புதினத்தை இழுத்து, முன்வரிசையில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டு கதைப்பாரே, அதற்கு யார் பிரதி எழுதிக் கொடுத்தார்கள்? 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் முதலானோர் வளர்த்த அரங்கு இந்த மண்ணில் இருக்கிறது, நாடகமும் அரங்கியலும் எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒரு பாடம். அந்தப் பாடத்துக்கு விடை எழுதுகிற பிள்ளைக்கு நடித்துப் பார்க்க ஒரு மேடை தரமாட்டோம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரதி கேட்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தில் 1737 தொடக்கம் நாடகப் பிரதிகளை லோர்ட் சேம்பர்லேன் என்ற அரண்மனை அதிகாரி பார்த்து அனுமதித்தால்தான் மேடையேற்றலாம் என்று இருந்தது. 1960களில் லண்டனில் கீத் ஜோன்ஸ்ரன் தன் மாணவர்களோடு உடனடி நாடகம் செய்யப் புறப்பட்டபோது அவருக்கும் இதே சிக்கல்தான், காட்ட ஒரு பிரதி இல்லை. அதனால் அதை நாடகம் என்று சொல்லாமல் பொதுமக்களுக்கான வகுப்பு என்று சொல்லி நடத்தினார். 1968இல் அந்த முறையையே அங்கே நீக்கிவிட்டார்கள். இங்கே காலனிக் காலத்தில், 1912இல், கொண்டுவந்த சட்டத்தோடு ஒட்டிய பழக்கத்தை நாங்கள் மாணவர் நிகழ்ச்சி வரைக்கும் இன்னும் இழுத்துக்கொண்டு போகிறோம்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி யாரையாவது புண்படுத்தினால், அரசியல் ஏதாவது வந்தால், கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். எங்கள் ஊரில் அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் அன்றைக்கே அப்படி இரண்டு இடம் வந்தது. ஒருவர் ஒரு ஆசிரியரின் பெயரைக் கத்தினார். நடத்திய பிள்ளை சிரித்துக்கொண்டே, "ஆக்களின்ர பேர் வேண்டாம் அண்ணா, வேற ஒண்டு சொல்லுங்கோ" என்றாள். இன்னொரு காட்சியில் ஒரு பெடியன் மலையகப் பேச்சைப் பழித்துக் காட்டத் தொடங்கினான், இரண்டாவது வசனம் வருவதற்குள் பக்கத்தில் நின்ற மாணவி காட்சிக்கு முன்னால் குறுக்கே ஓடினாள், அப்படி ஒருவர் ஓடினால் காட்சி முடிந்துவிட்டது என்று அர்த்தம், உடனே வேறு இருவர் வந்து வேறு காட்சியைத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் முகமும் சுருங்கவில்லை. பிரதியை வாசிக்கும் அதிகாரியால் இந்த வேகத்தில் தணிக்கை செய்ய முடியாது.

ஆகவே பிரதிக்குப் பதிலாக வேறு ஒன்றைக் கேளுங்கள். எந்தெந்த விளையாட்டுகள், எவ்வளவு நேரம் என்ற ஒரு பக்க நிரல். சாதி, சமயம், ஒருவரின் உடம்பு, தனியாட்களின் பெயர் ஆகியவற்றைத் தொடமாட்டோம் என்று அவர்கள் கையொப்பமிட்ட கடிதம். மண்டபத்தில் கூடவே இருக்கச் சம்மதிக்கும் ஒரு ஆசிரியர் அல்லது விரிவுரையாளர். அன்றைக்கு நான் பார்த்த பிள்ளைகள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். பெரிய மண்டபமும் வேண்டாம். இந்த நாடகத்துக்கு நடிப்பவரின் முகம் பின்வரிசைக்கும் தெரிய வேண்டும், நூறு கதிரை போடக்கூடிய ஒரு சின்ன மண்டபம், நாலு விளக்கு, இரண்டு ஒலிவாங்கி இருந்தால் போதும். கொட்டகையில் மழை தூறத் தொடங்கியபோது தகரச் சத்தத்தில் கடைசி இரண்டு காட்சியும் யாருக்கும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்திச் செய்து முடித்தார்கள்.

மாரிக்கு முன்னர் இன்னொரு தடவை விண்ணப்பிக்கப் போகிறார்கள். இந்த முறை திருப்பி அனுப்புவதற்கு முன்னர் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்கள் அலுவலகத்திலேயே பத்து நிமிஷம் செய்து காட்டச் சொல்லுங்கள். இடத்தையும் உறவையும் நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொட்டகையில் வாங்கில் இருந்து பார்த்தவர்களில் ஒருவர்,
யாழ்ப்பாணம்.