என் மனைவியின் வால்வுக்குத் துணை நின்றவர்களுக்கு

சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும், பெயர் கேட்டுக்கொள்ளாமலே உதவிய பலருக்கும் குடியாத்தத்திலிருந்து வணக்கம்.

பங்குனியில் வேலூரில் என் மனைவிக்கு இதய வால்வு மாற்றினார்கள். இப்போது ஆடி பிறந்துவிட்டது. நெஞ்செலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி குடம் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரில் வந்து கையெடுத்துக் கும்பிட வேண்டிய வீடுகள் நிறைய. தறியை விட்டுவிட்டு ஒவ்வொரு படியாக ஏறி இறங்க முடியாததால் எழுதுகிறேன்.

பலரும் கேட்டதால் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேர்ணாம்பட்டில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்திருக்கிறது. அது அடங்கிய பிறகு முட்டி வீங்கியது. முட்டி வாடி கணுக்கால் வீங்கியது. வளருகிற பிள்ளைக்கு வருகிற வலி என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிட்டார்கள். அது மூட்டைத் தொட்டுவிட்டு இதயத்தைப் பிடித்துக்கொள்கிற ருமாட்டிக் காய்ச்சல். பல வருடம் கழித்து, இரண்டாவது பிரசவத்தின்போதுதான் இதயத்தின் இடது பக்கத்து மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது எக்கோ என்கிற இதய ஸ்கேனில் தெரிந்தது. அப்போது பலூன் விட்டு விரித்தார்கள். அதில் கொஞ்ச காலம் ஓடியது. இந்த முறை வால்வில் சுண்ணாம்பு படிந்துபோனதால் மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வலி வந்தால் எண்ணெய் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இதை இந்த மடலில் எழுதியே தீரவேண்டும் என்பது அவள் உத்தரவு.

முதல் நன்றி என் அக்காவுக்கு. ஊருக்கே தெரிந்ததுதான், அவருக்கும் என் மனைவிக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. பெண்கள் வார்டில் ராத்திரி ஆம்பிளை தங்கக்கூடாது என்று சொன்னதும் நான் யாரைக் கூப்பிடுவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னார்களோ, அக்கா ஒரு பையோடு வந்து இறங்கினார். "நீ போய்ப் படு நைனா, நான் இருந்துகிறேன்" என்றார், அவ்வளவுதான். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்ததும், மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்குகிற மூன்று பந்துக் குழாயை "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று விடாமல் இழுக்க வைத்ததும் அவர்தான். இரண்டு பேரும் இன்னமும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இப்போது சண்டையும் இல்லை.

ரத்தம் கொடுத்த பையன்களுக்கு அடுத்த நன்றி. எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, எடுப்பதற்கு ஈடாகக் கொடுங்கள் என்று ரத்த வங்கியில் கேட்டார்கள். பேர்ணாம்பட்டு தோல் ஷெட்டில் வேலை செய்கிற என் கூட்டாளி ஒரு வேன் நிறைய ஆள் கூட்டி வந்துவிட்டார். அதில் ஒரு தம்பி 45 கிலோகூட இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபித்துக்கொண்டு போனவன் நன்றாகச் சாப்பிட்டு எடை ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். தம்பி, இங்கே தேவை முடிந்துவிட்டது. ஆனால் நீ சாப்பிடுவதை நிறுத்தாதே.

அறுவை செய்த டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் கும்பிடு. இதயத்தை நிறுத்தி வைத்திருந்த நேரமெல்லாம் இதய நுரையீரல் இயந்திரத்தை ஓட்டினவர் ஒருவர் உண்டு. அவர் முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை, அவருக்கும் சேர்த்து. வால்வு எது வேண்டும் என்று கேட்ட பெரிய டாக்டர் அவசரப்படுத்தாமல் விளக்கினார். மாட்டின் இதய உறையிலோ பன்றி வால்விலோ செய்தது என்றால் ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற மாத்திரைத் தொல்லை குறைவு, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துபோகும், இள வயதில் அதற்கு முன்பேகூட. உலோக வால்வு ஆயுளுக்கும் உழைக்கும், ஆயுளுக்கும் மாத்திரை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள், "இன்னொரு வாட்டி நெஞ்சைத் தொறக்க விடமாட்டேன், இரும்பே வைங்க" என்று முடித்துவிட்டாள். வைத்தது சித்ரா வால்வு. திருவனந்தபுரத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் மூன்று மாதிரிகள் சரிவராமல் நான்காவதில் ஜெயித்து, 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. வெளிநாட்டு வால்வு விலைக்கு எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? டாக்டர் வலியத்தான் 2024-ல் காலமாகிவிட்டார். அவருக்கு நன்றி சொல்ல இந்த வரிதான் வழி. ராத்திரி மின்விசிறி நின்றால் வால்வு அடிக்கிற சத்தம் கேட்கும். "அம்மா வாட்ச்ச முழுங்கிட்டியா" என்று சின்னவன் கேட்டான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்று வேண்டியிருந்தது. கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒரு டீக்குக்கூட கை நீட்டாமல் அன்றைக்கே எழுதி அனுப்பினார்கள். இப்படி நடந்தால் அதையும் நாலு பேர் அறியச் சொல்லவேண்டும்.

லாட்ஜில் எதிர் அறையில் இருந்த வங்காளத்து அம்மாவுக்கு இந்த மடலைப் படிக்கத் தெரியாது. அவர் கணவருக்கும் ஏதோ அறுவை. பாதி லாட்ஜ் அவர்கள் ஊர்க்காரர்கள்தான், போர்டுகூட வங்காளியில் எழுதியிருக்கும். நான் பன்னும் டீயுமாகக் காலம் தள்ளுவதைப் பார்த்துவிட்டு ஒரு தட்டு சோறும் பருப்பும் கதவருகே வைத்துவிட்டுப் போவார். கடுகெண்ணெய் வாசனை எனக்குப் பிடிக்காது. தட்டைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

என் தறியில் பாதிப் பாவு ஓடாமல் கிடந்தது. பக்கத்துத் தறி அண்ணன் தன் வேலை முடிந்து ராத்திரியில் உட்கார்ந்து அத்தனை லுங்கியும் நெய்து, கூலியை முழுசாக என் கையில் கொடுத்தார். பாதியாவது எடுத்துக்கொள்ளச் சொன்னதற்குத் திட்டு வாங்கினேன்.

அறுவைக்கு ஓடிவர ஊரே வரும். அது முடிந்த பிறகுதான் நீண்ட வேலை என்பது எங்களுக்கு வீட்டுக்கு வந்த பிறகே புரிந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் நெஞ்சு வலிக்கும் என்பதால் அவளுக்குத் தலை வாரிப் பின்னுவது என் வேலையானது. எதிர்வீட்டு அக்கா எனக்கு மூன்று கால் பின்னல் கற்றுக்கொடுத்தார். தெருப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் கட்டிப் போனால் வால்வு அடைத்துக்கொள்ளும், அதிகமாக இளகினால் எங்காவது கசியும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் எண் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்கவேண்டும். நம்மூர் லேப்காரத் தம்பி ரிப்போர்ட்டை வாங்க வரச் சொல்லாமல் அன்றைக்குச் சாயங்காலமே போனில் எண்ணைச் சொல்லிவிடுகிறார். மாத்திரை அளவை மாற்றவேண்டுமானால் அன்றைக்கே டாக்டரைக் கேட்க முடிகிறது. முட்டி வலிக்கு ஒரு மாத்திரை கொடுங்கள் என்று போனவளை, "அக்கா, நீங்க அசிட்ரோம் சாப்பிடுறவங்க, கண்டதும் போடக்கூடாது" என்று வியாபாரத்தை விட்டுத் திருப்பி அனுப்பிய மெடிக்கல் ஷாப் அண்ணனை என் குலசாமிக்கு அடுத்து வைத்திருக்கிறேன். ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடும் ஆரம்ப சுகாதார நிலைய சிஸ்டருக்கும் நன்றி. வால்வு மாற்றினாலும் அந்த ஊசி நிற்காது, வலியும் அப்படியே. போடும்போது அவர் மாமியாரைப் பற்றி ஏதாவது சொல்லி இவளைச் சிரிக்க வைத்துவிடுவார்.

கீரை விஷயம். முருங்கைக்கீரை பலம் என்று தூக்கு நிறையக் கொண்டுவந்தவர்களும் உண்டு, கீரையே தொடாதே என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. கீரை கூடிக் குறைந்தால் மாத்திரையின் வேலையும் மாறும், அதனால் வாரா வாரம் ஒரே அளவு சாப்பிட்டால் போதும் என்பதுதான் டாக்டர் சொன்னது. ரத்தம் இளக ஒரு கஷாயம் கொண்டுவந்த பெரியவர், வேண்டாம் என்று சொன்னதும் முகம் கோணாமல் பாட்டிலைத் திரும்ப எடுத்துப்போனார். கொண்டுவந்ததைவிட அதற்குத்தான் அவருக்கு அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன்.

பணம் கொடுத்தவர்கள் கணக்கு நோட்டில் இருக்கிறது. திருப்பித் தரவேண்டாம் என்று சொன்னவர்கள் பெயரும் அதிலேயே இருக்கிறது. தீபாவளி ஆர்டர் முடிந்ததும் ஒவ்வொருவராக வருவேன், வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், மத்தியானம் அவள் தூங்குவாள். ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் வேண்டாம். வீட்டில் கடை போடுகிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
குடியாத்தம் லுங்கித் தறிக்காரன் ஒருவன்