ஆச்சியின் கால்

ஆரியங்காவு

அன்புள்ள செல்வி,

எட்டு மாதமாகப் பதில் போடாதது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. கோபப்படாதேடி. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. டப்பா வாத்தியார் உன்னைக் கேட்டார், கையெழுத்து இப்போதாவது நேராகிவிட்டதா என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவள் உங்கள் பிரிட்டனில் டாக்டருக்குப் படிக்க யூகாஸில், அதுதான் அங்கே பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்குகிற அமைப்பில், விண்ணப்பிக்கிறாள். அக்டோபர் 15 கடைசி. மருத்துவத்துக்கு நாலு இடம்தான் கேட்கலாம், தன்னைப் பற்றி எழுதித் தருகிற கட்டுரை நாலுக்கும் ஒன்றேதான் போகும். முன்பு ஒரே கட்டுரையாக இருந்ததை இப்போது மூன்று கேள்வியாக்கிவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு எப்படித் தயாராக்கியது, அதற்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளி உட்பட 4000 எழுத்து.

இவள் எழுதியதை ஒருவரிடம் பணம் கட்டிக் காட்டினோம். "சிறு வயது முதலே மனிதகுலத்துக்குச் சேவை" என்று ஆரம்பித்து எழுதித் தந்தார். ஆச்சியைப் பற்றி இவள் எழுதியிருந்ததை மொத்தமாக அடித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

போன வருஷம் அத்தை, அதாவது இவளுடைய ஆச்சி, கோயிலுக்குப் போய்த் திரும்பினாள். திண்ணையில் சிவப்பாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. நான் குங்குமம் சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். இவள்தான் ஆச்சியின் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். ஆணி பாதத்தில் ஏறியிருக்கிறது, அத்தைக்கோ ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை நரம்பைக் கெடுத்தால் வலியே தெரியாதாம். அன்றிலிருந்து தினமும் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் ஆச்சியின் விரலிடுக்கு முதற்கொண்டு பார்க்கிறாள். "வலிக்குதா என்று கேட்டால் போதாது, பார்க்கணும்" என்று எழுதியிருந்தாள். அந்த வரியையா அடிப்பது?

அடுத்தவர் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று யூகாஸ் மென்பொருள் வைத்துப் பார்க்கிறது. அதைவிட எனக்குப் பெரிய பயம் நேர்காணல்தான். எழுதியதிலிருந்து கேட்டால், அந்த ஆள் எழுதித் தந்ததைப் பற்றி இவள் என்ன சொல்வாள்? ஆச்சியின் காலைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவாள்.

அவளே திரும்ப எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். வார்டிலேயே இத்தனை வருஷம் நின்றவள் நீ. திருத்தித் தராதே, அது அவளுடையதாகவே இருக்கட்டும். எங்கே நம்ப முடியவில்லையோ அங்கே ஒரு கோடு மட்டும் போடு.

அப்புறம், அத்தைக்குப் புண் ஆறிவிட்டது. அங்கே சர்க்கரைக்காரர்களுக்கு மெத்தென்ற செருப்பு கிடைத்தால் ஒரு ஜோடி வாங்கி வா. பாத அளவை இவளே தாளில் வரைந்திருக்கிறாள், அதுவும் உறையில் இருக்கிறது.

உன்,
ஜெயா