டாக்டர் கேட்டால் சொல்லிவிடு, தேனு

லால்குடி
12.10.2025

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு, அப்பா எழுதிக்கொண்டது. இங்கே செந்தில், மருமகள், பிள்ளைகள் எல்லோரும் நலம். அங்கே சிட்னியில் நீ, மாப்பிள்ளை, குழந்தைகள் நலமா?

நீ எனக்கு ஃபோன் பண்ணி முப்பத்தேழு நாள் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும். காலண்டரில் தாள் கிழிக்கும்போது தேதி கண்ணில் படுகிறது, அதனால் சொல்கிறேன். செந்திலிடம் பேசுகிறாய் என்று தெரியும். அதுவே எனக்குப் போதும்.

வீடியோவில் பேசினால் ரெண்டு வாக்கியத்துக்கு மேல் மூச்சு தாங்குவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஃபோட்டோ எடுத்து அனுப்பலாம் என்று செந்தில் சொன்னான். வேண்டாம், தபாலில்தான் போடப் போகிறேன். இது உனக்கு மட்டும்.

போன தடவை பேசும்போது நீ நடுநடுவே செருமினாய். குளிர் என்று சொன்னாய். அங்கே செப்டம்பரில் குளிர் குறைந்துவிடும் என்று நீதான் முன்பு சொல்லியிருக்கிறாய். நாற்பது தாண்டிவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பைக் காட்டிக்கொள்ள வேண்டும், தேனு. சுகர், பிரஷர் எல்லாம் பார்க்கும்போது நெஞ்சையும் ஒரு படம் எடுத்துவிடு. அங்கே வசதிக்கு என்ன குறை.

என் நோய்க்காகக் கம்பெனி மேல் போட்ட இழப்பீட்டுக் கேஸ் விஷயம் செந்தில் அரைகுறையாகச் சொல்லியிருப்பான். நானே சொல்கிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தேன். தொழிலாளி என்றால் வக்கீல் ஃபீஸ் கிடையாது. ஒரு பெண் வக்கீலைப் போட்டார்கள். முப்பது வயசுதான் இருக்கும். பேனாவைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்கிறாள், உன்னை மாதிரி. முதலில் அவள் கேட்டது, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குப் பணம் பிடித்தார்களா என்று. பிடித்திருந்தால் அந்த வழியில்தான் போக வேண்டுமாம், கம்பெனியிடம் தனியாகக் கேட்க முடியாதாம். நம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனி இருந்த இடத்துக்கு அப்போது இ.எஸ்.ஐ. வரவில்லை. அதனால் 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துணை ஆணையரிடம் போட்டிருக்கிறோம். எனக்கு வந்த ஆஸ்பெஸ்டாஸிஸ், அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய், அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. நாம் குடியிருக்கும் பக்கத்திலேயே போடலாம் என்பதால் திருச்சிக்குப் பஸ் ஏறினால் போதும். ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று கெடு இருக்கிறது. எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது 2024 ஜனவரி, அதனால் தப்பித்தோம்.

இத்தனை வருஷம் நான் பயந்தது அந்த வி.ஆர்.எஸ்., விருப்ப ஓய்வுப் பேப்பருக்குத்தான். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று 2006-ல் கையெழுத்துப் போட்டேனே. அதைக் காட்டியதும் அந்தப் பெண் உடனே சொன்னாள், "ஐயா, பதினேழாவது பிரிவு இருக்கு. இழப்பீட்டை விட்டுக்கொடுக்கிறேன்னு எழுதி வாங்கினா அது செல்லாது." பத்தொன்பது வருஷம் பீரோவில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சிக்கல் அத்தாட்சியில்தான். வருஷா வருஷம் கம்பெனி டிஸ்பென்சரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், படத்தை ஒரு நாளும் கையில் கொடுத்ததில்லை. 1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப் பிள்ளை. யூனியன் ஆள் டீக்கடையில் பேப்பரை விரித்துவைத்துப் படித்தார். நோய் வந்த ஆளுக்கு ஒரு லட்சம் கொடுக்க வேண்டும், உடம்புக் கணக்கை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமோ வேலை முடிந்து 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. நான் சேர்ந்தது 1979. கணக்குப் போட்டுப் பார், 2021 வரை அவர்கள் வைத்திருக்க வேண்டும். நான் எழுதிக் கேட்டது 2024-ல். காலம் முடிந்துவிட்டது, கழித்துவிட்டோம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. 2019-ல் நீ வந்திருந்தபோதே, "போய்க் கேளுங்கப்பா, எழுதியாவது போடுங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாய். உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். நீ சொன்னதுதான் சரி.

இப்போது கையில் இருப்பது பி.எஃப். சீட்டு, போனஸ் சீட்டு, இருபது வருஷ சர்வீஸுக்குக் கொடுத்த கடிகாரம். பின்பக்கம் பெயர் பொறித்திருக்கிறதே, அதுதான். அப்புறம் ராஜேந்திரன் மாமாவின் சாட்சி. மாமா ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஆட்டோவில் வந்தார். நாங்கள் ரெண்டு பேரும் மூட்டை கிழிக்கும் இடத்தில் நின்றவர்கள், கத்தியால் சாக்கைக் கிழித்து ஃபைபரைக் கொட்டியவர்கள் என்று சொன்னார். அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

கம்பெனி வக்கீல், இவர் பீடி பிடித்தவர் என்கிறார். பிடித்தேன், உனக்குத் தெரியும், அதை மறைக்கவில்லை. ஆனால் நுரையீரல் உறை தடித்துச் சுண்ணாம்பு படிந்திருப்பது பீடியால் வருவதில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, செருப்பில் ஒட்டும் பட்டையைப் பிரிக்கிற மாதிரி சத்தம் வருகிறது என்றார். ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்டேன், நீங்க சொன்னீங்க, அவ்வளவுதான்" என்றார்.

பணம் பெரிதாக வராது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழுதாக வேலை செய்ய முடியாமல் போனால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயசுக்கான ஒரு எண்ணால் பெருக்குவார்கள். எனக்கு அந்த அளவுக்கு எழுதுவார்களா என்பதே தெரியாது. இருபத்தைந்து வயசு ஆளுக்கு அந்த எண் 216-க்கு மேல், அறுபத்தைந்து தாண்டியவனுக்கு நூறுகூட இல்லை. கை நசுங்கினால் அன்றைக்கே தெரியும், இந்தத் தூசி முப்பது வருஷம் கழித்துத்தான் வாயைத் திறக்கிறது. அதற்குள் எண் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த இடம் எனக்கு ஆறவில்லை. உன் ஊரில் தூசி நோய்க்கென்றே 1989-ல் தனித் தீர்ப்பாயம் வைத்தார்கள், 2003 கடைசி நாளோடு ஆஸ்பெஸ்டாஸே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள் என்று நீ சொன்னதை வக்கீல் பெண்ணிடம் சொன்னேன். என் மகள் சிட்னியில் இன்ஜினியர், அவள்தான் எல்லாம் படித்துச் சொன்னாள் என்றும் சொன்னேன். அவளிடம் மட்டும் இல்லை, அந்த ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமும் சொன்னேன்.

கொல்லையில் மாட்டுக் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் செந்தில் சம்மட்டியால் உடைத்து இறக்கப் பார்த்தான். நிறுத்திவிட்டேன். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசு முழுசாக இறக்கினோம். பிள்ளைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னேன் இல்லையா, அதை மறந்துவிடாதே.

வக்கீல் பெண், வீட்டில் வேறு யாருக்காவது மூச்சுத் தொந்தரவு இருந்ததா என்று கேட்டாள். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தாள். இந்தச் சட்டம் வேலை பார்த்தவருக்குத்தான், சட்டையைத் துவைத்தவருக்கு இல்லை என்றாள். உன் ஊரில் புருஷன் சட்டையைத் துவைத்து நோய் வாங்கிய பெண்களும் வழக்குப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். இங்கே அம்மா பெயரை எழுத அந்த மனுவில் ஒரு கட்டம்கூட இல்லை.

தேனு, அம்மாவின் டாக்டரிடம் என் வேலையை மறைத்தேனா என்று அன்றைக்கு நீ கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று சொல்லி ஃபோனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நீ கேட்டது சரிதான். 2002-ல், பெரிய ஆஸ்பத்திரியில், அம்மாவுக்கு ரெண்டாவது தடவை நெஞ்சில் நீர் எடுத்த அன்றைக்கு, அந்தச் சின்ன டாக்டர் வந்து கேட்டார். "வீட்டுல யாராவது தூசியில வேலை பாக்கிறாங்களா? மில், குவாரி, சிமெண்ட், ஆஸ்பெஸ்டாஸ்?" வரிசையாகச் சொன்னார், கடைசியில் அந்தப் பெயரையும் சொன்னார். நான் இல்லை என்றேன். கம்பெனியில் ஆபீஸ் வேலை என்றேன். நீ எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். கவர் மேலே அம்மா பெயரை நீதான் எழுதியிருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். நான் திரும்பிக்கொண்டேன்.

அந்த மாதம்தான் படத்தில் நிழல் விழுந்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் பெயரும் ஏதாவது காகிதத்தில் ஏறிவிடும் என்று பயந்தேன். உன் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. ஃபீஸுக்காகத்தான் என்று இருபத்து மூன்று வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உன் தலையில் அந்தப் பாரத்தை வைக்கிற மாதிரி. அது உன்னால் இல்லை. வேலை போய்விடும் என்று நான் பயந்தேன். அதுதான் உண்மை. டிபி என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், அவள் அதை வாந்தி எடுத்துக்கொண்டே விழுங்கினாள். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நீரையோ சதையையோ சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். பிழைத்திருப்பாளா என்று இப்போது என் டாக்டரிடம் கேட்டேன். அது இந்தத் தூசியால் வரும் புற்றாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. அவளுக்கு என்ன வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனது என்னால்.

வாய்தா 29-ஆம் தேதி. என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். அம்மாவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், கேஸுக்கு அது தேவையில்லை. ஆனாலும் சொல்லப் போகிறேன் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். எழுதிக்கொள்ள மாட்டார்கள் ஐயா என்றாள். பரவாயில்லை என்றேன்.

இப்போது உன் விஷயம். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் கிணற்றடியில் அம்மா துவைப்பாள், நீ என் காக்கிச் சட்டையைத் துவைக்கிறதுக்கு முன்னால் உதறிக் கொடுப்பாய். கொய்யா மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் வெயில் ஒரு பட்டையாக விழும். அதில் தூசி பளபளவென்று நிற்கும். "அப்பா, வெள்ளிப் பொடி பாருங்க" என்று நீ கையை விரித்துப் பிடிப்பாய். எட்டு வயசு உனக்கு. நான் திண்ணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அது 1992. இப்போது முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த நோய் இருபதிலிருந்து நாற்பது வருஷத்துக்குள் வருகிறது என்கிறார்கள். எல்லோருக்கும் வருவதில்லை. உதறிய அளவுக்கு உனக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் டாக்டரும் சொல்கிறார். இருந்தாலும் போய்ப் பார்.

எக்ஸ்ரேவா ஸ்கேனா என்று அவர்கள் முடிவு பண்ணட்டும். நீ சொல்ல வேண்டியதை மட்டும் சொல். என் அப்பா 27 வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் மூட்டை கிழிக்கும் இடத்தில் இருந்தார், அவர் சட்டையை நானும் அம்மாவும் வீட்டில் துவைத்தோம், அம்மா 2002-ல் நெஞ்சில் நீர் கோத்து இறந்துபோனார். இந்த மூன்றையும் சொல்லிவிடு. அவர்கள் கேட்காவிட்டாலும் சொல். அங்கே இதை எழுதிக்கொள்வார்கள். இருமலுக்கு மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. மாப்பிள்ளை சிகரெட்டை விட்டாரா? அவர் பிடிக்கும் அறையில் நீ உட்காராதே.

அம்மாவின் படங்கள் ரெண்டும் என்னிடம்தான் இருக்கின்றன, நீ எழுதிய கவரோடு. ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தது, பிரித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்து ஃபோட்டோ எடுத்து செந்தில் அனுப்புவான், என்ன படம் என்று அவனிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டு.

டாக்டர் தேதி கிடைத்ததும் அந்தத் தேதியை மட்டும் மெசேஜ் போடு. என்னோடு பேச வேண்டும் என்று இல்லை.

அன்புடன்
அப்பா