கமிஷன் விகிதம் கேட்ட மகளுக்கு

மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. காப்பீட்டு ஏஜென்ட் தேர்வில் நீ தேறிய செய்தியை உன் அம்மா அன்று மாலைக்குள் தெரு முழுவதும் சொல்லிவிட்டாள். "எந்தக் கம்பெனி அதிகக் கமிஷன் தருகிறது, அப்பா?" என்று நீ கேட்டதற்கு நான் போனில் பதில் சொல்லாமல் விட்டது கோபத்தினால் அல்ல. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஓர் ஏஜென்ட் ஆயுள் காப்பீட்டில் ஒரு நிறுவனம், பொதுக் காப்பீட்டில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டுக்கென்றே உள்ளவற்றில் ஒன்று என்றுதான் சேர முடியும் என்பதால், நீ தேர்ந்தெடுக்கும் கம்பெனியின் குணம்தான் ஊரில் உன் குணமாகப் பேசப்படும். நான் ஏஜென்டாகச் சேர்ந்தபோது மருத்துவ பாலிசிக்கு 15 சதவீதத்துக்கு மேல் யாரும் கமிஷன் தர முடியாது. 2023 ஏப்ரலில் அந்த உச்சவரம்பைக் காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எடுத்துவிட்டு, கமிஷனும் சேர்ந்த மொத்த நிர்வாகச் செலவு, மருத்துவக் காப்பீட்டுக்கென்றே உள்ள நிறுவனமானால் பிரீமியத்தில் 35 சதவீதத்தை, பொதுக் காப்பீட்டு நிறுவனமானால் 30 சதவீதத்தை, தாண்டக்கூடாது என்று மட்டும் வைத்தது. அந்த எல்லைக்குள் கமிஷனை அந்தந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். உன்னை ஆளுக்கொரு விகிதம் சொல்லி அழைப்பது இதனால்தான். அவர்கள் வாய் நிறையச் சொல்வது பெரும்பாலும் முதல் வருஷக் கணக்கு. ரினியூவலுக்கு எவ்வளவு, அதை எந்த நிபந்தனையில் நிறுத்துவார்கள் என்று நீதான் கேட்க வேண்டும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். 2019இல் தேவிபட்டினம் பக்கம் ஒரு கருவாட்டு வியாபாரிக்குக் குடும்ப பாலிசி எழுதினேன். கையெழுத்துப் போடக் குனிந்தவரின் சட்டைப் பையில் சுகர் மாத்திரை அட்டை தெரிந்தது. "இதையும் எழுதணுமாண்ணே?" என்று கேட்டார். நான் சேல்ஸ் மேனேஜருக்குப் போன் செய்தேன். "எழுதினால் டெஸ்ட் கேட்பார்கள், பிரீமியத்தை ஏற்றுவார்கள், மாசக் கடைசிக்குள் பாலிசி வராது, இல்லை என்றே போடுங்கள்" என்றார். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பிரீமியம் 22,000, எனக்கு வந்தது 3,300 ரூபாய். இரண்டு வருஷம் கழித்துக் காலில் புண் முற்றி மதுரையில் சேர்த்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் என்று டாக்டர் எழுதியிருந்தார். கிளைமை மறுத்து, பாலிசியையும் ரத்து செய்தார்கள். அந்த மேனேஜர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். வியாபாரியின் மனைவி காய்ந்துகொண்டிருந்த கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே, "நீங்க சொன்னீங்கன்னுதானே கையெழுத்துப் போட்டாரு" என்றார். அவர் கழுத்தில் சங்கிலி இல்லை. தாயி, அந்த டிக் என் கை போட்டது; மேனேஜர் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது.

ஆகவே நோயை எழுதினால் உன் கம்பெனி என்ன செய்கிறது என்பதை முதலில் விசாரி. கூடுதல் பிரீமியம் போட்டாவது எடுத்துக்கொள்கிறதா, அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காத ஆரம்பக் காலமான காத்திருப்புக் காலத்தை எத்தனை மாதம் வைக்கிறது என்று பார். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது 36 மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2024 முதல் உள்ள விதி. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடியை நிரூபித்தாலொழிய, அன்று சொல்லவில்லை என்று கிளைமை மறுக்கவும் முடியாது.

இந்த மாதக் கணக்கைத்தான் சில ஏஜென்டுகள் கமிஷனுக்காக அழிக்கிறார்கள். வேறு கம்பெனியிலிருந்து வருகிறவரின் பழைய பாலிசியை முறையாக போர்ட் செய்தால், அதாவது தொடர்ச்சி விடாமல் மாற்றினால், அவர் கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். முதல் வருஷக் கமிஷனுக்கு ஆசைப்பட்டுப் புது பாலிசியாக எழுதினால் அவர் மறுபடி முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். படிவத்தைப் பார்த்து அவரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நீ அதைச் செய்யாதே.

"உங்க கமிஷன்ல கொஞ்சம் விட்டுக்குடுங்க" என்று உறவுக்காரர்களே கேட்பார்கள். அது காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி குற்றம், அபராதம் 10 லட்சம் வரை என்று பணிவாகச் சொல்லிவிடு. ரொக்கமாக வாங்கும் பிரீமியத்தை, விடுமுறை நாள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் கம்பெனியில் கட்டிவிடு. பணம் போய்ச் சேராமல் காப்பீடு தொடங்காது. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த மாதங்களில் ரினியூவல் விழுந்தால் கட்ட முடியாமல் பாலிசி காலாவதியாகும் என்பதால், கடல் தொழில் செய்கிறவர்களுக்கு ஆடி, ஆவணியில் தொடங்கும்படிதான் நான் எழுதுகிறேன். நீ இருக்கும் கோயம்புத்தூரில் மில் தொழிலாளிக்கு எழுதும்போது போனஸ் மாதத்தை நினைத்துக்கொள்.

கம்பெனி தரும் நியமனக் கடிதத்தையும் கமிஷன் அட்டவணையையும் கையெழுத்துப் போடுவதற்கு முன் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ரினியூவல் விகிதம் எழுதிய பக்கத்தை விட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா