நடுவில் நாலடி விடு

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் நீ இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய் என்பதால், மலைக்கும் சேலத்துக்கும் இருக்கும் இந்தத் தூரத்துக்கும் கடிதமே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய சமையலறைப் படத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அறையின் அகலம் 7 அடி. இருபுறமும் 2 அடி மேடை போட்டால் நடுவில் மிஞ்சுவது 3 அடிதான். ஒருவர் மட்டும் நின்று சமைக்கவே மூன்றரை அடி வேண்டும். இருவர் புழங்க 4 அடி வேண்டும். ஆகவே அடுப்பும் தொட்டியும் வரும் பக்கத்தில் மட்டும் 2 அடி மேடையை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் ஓரடி ஆழத்துக்கு அலமாரி மட்டும் அடித்தால் போதும். மளிகை டப்பாவுக்கும் தட்டுகளுக்கும் ஓரடி தாராளம்; அதைவிட ஆழமான அலமாரியில் பின்வரிசைக்குப் போன பருப்பு, வண்டு வைத்த பிறகுதான் கண்ணில் படும். இருபுறமும் ஒரே அளவாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று ஆசாரி சொல்லுவார். கேட்காதே.

வழி போதாவிட்டால் ஹால் பக்கத்துச் சுவரை எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதே. பழைய அடுக்ககங்களில் தூண் இல்லாமல் சுவரே மேல்மாடியின் பாரத்தைத் தாங்கி நிற்பதுண்டு. ஒன்பது அங்குலச் சுவரென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அதில் உளி படக்கூடாது. மேலும் கீழும் குடித்தனங்கள் இருக்கின்றன.

மேடையின் உயரம் 32 அங்குலம் என்று குறித்திருக்கிறாய். முழங்கையை மடக்கி நின்றால், அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை வர வேண்டும் என்பது கணக்கு. உன் உயரத்துக்கு அது சரி. மாப்பிள்ளை நெட்டை, அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் காலைக் காபி அவர் கைப்பக்குவம்தானே. நாங்கள் வந்தபோதெல்லாம் டிகாஷன் இறங்கும்வரை ஃபில்டர் பக்கத்திலேயே நின்று, எனக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக ஆற்றிக் கொடுப்பார். அவரைக் கேட்டுத்தான் இந்த உயரத்தைப் போட்டாயா? படத்தில் எங்கேயும் அவருக்கான அளவு தெரியவில்லை. 34 வைத்தால் இருவருக்கும் பொருந்தும்.

உன் சம்பளத்தில் சேர்த்து இந்த வேலையை எடுத்துச் செய்கிறாய் என்று எஸ்டேட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் முன்பணம் கொடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது என்பதில் உன் அம்மாவுக்கு மனத்தாங்கல் உண்டு. பொங்கலுக்கும் நீ தனியாகத்தான் வந்தாய்.

எவர்சில்வர் தொட்டியை 304 தரத்தில் வாங்கு. உருக்காலையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்: அதில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். விலை குறைந்த 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உங்கள் போர் தண்ணீரின் உப்புக்கு அதில் துருப்புள்ளி விழும். சிலிண்டரை மேடைக்கு அடியில் வைத்துக் கதவு போடுவதானால், கதவின் கீழ்ப்பகுதியில் துளைகள் இருக்கட்டும். கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கிவிடும்.

மறுபடியும் சொல்கிறேன், நடுவில் 4 அடி விடு. ஒருவர் அடுப்பைப் பார்க்கும்போது இன்னொருவர் பின்னால் இடிக்காமல் போய்வர வேண்டும். நான் ஒருத்திதானே சமைக்கிறேன், மூன்றடி போதும் என்று எழுதாதே. இன்று போடும் கிரானைட் எத்தனையோ வருடங்களுக்கு அப்படியே இருக்கப்போகிறது.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் டேப்போடு இறங்கி வருகிறேன். மாப்பிள்ளையையும் அன்று வீட்டில் இருக்கச் சொல். மேடை உயரத்தை அவரை நிற்க வைத்து அளந்த பிறகு மேஸ்திரியிடம் சொல்லலாம். அதுவரை கல் அறுக்கக் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா