மாப்பிள்ளைக்கு, ஷாக் வால்விங் பற்றி

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய டைனோ வரைபடமும் (ஷாக்கை மெஷினில் அமுக்கி இழுத்து, எந்த வேகத்துக்கு எவ்வளவு எதிர்க்கிறது என்று போட்ட கோடு) வந்தன. ஒஹையோவில் வாரமெல்லாம் ஆபீஸ், சனிக்கிழமை ராத்திரி மண் டிராக்கில் ஸ்பேனரோடு நிற்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்தபோது ரொம்ப சந்தோஷம். எல்டோராவுக்கும் போய் வந்தாயாமே! 1954-இல் ஏர்ல் பால்டஸ் தொடங்கி, பின்னால் அரை மைலாக நீண்ட அந்த மண் ஓவலை நேரில் பார்க்க எனக்கும் ஆசை உண்டு.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. கானாடுகாத்தான் வீட்டில் இரண்டாம் கட்டுக்கு ஓடு மாற்றும் வேலை நடக்கிறது. பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டதே பெரிய காரியம். இந்த வருஷம் மழை மோசமில்லை, கண்மாய் நிறைந்திருக்கிறது. பட்டறையில் வழக்கம்போல வேன், பஸ் ஷாக்குகள். பாஜா என்ற கரடுமுரடுப் பாதைப் போட்டிக்கு வண்டி கட்டும் கல்லூரிப் பையன்களும் வருகிறார்கள். ஷாக் வால்விங் பற்றி, அதாவது ஷாக்குக்குள் ஆயில் போகும் வழியை அமைப்பது பற்றி, அவர்களுக்கும் நீ கேட்ட சந்தேகம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிராக் ஈரமாக இருக்கும்போது நன்றாகத் திரும்பும் உங்கள் லேட் மாடல் ரேஸ் கார், மண் காய்ந்து வழுவழுப்பானதும் வளைவுக்குள் நுழையும்போது மூக்கைத் திருப்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகிறது என்கிறாய். உங்கள் டீமில் உள்ள பெரியவர், “முன் ஷாக்கை இன்னும் கெட்டியாக்கு, எடை மெதுவாக நகரட்டும்” என்கிறாராம். அவருடைய அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தில் பாதிதான் சரி.

ஓவலில் கார் எப்போதும் இடது பக்கமே திரும்பும்; அந்த வளைவில் மொத்தம் எவ்வளவு எடை வலது பக்கம் போகும் என்பதை ஷாக் முடிவு செய்வதில்லை. காரின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறாய், இவைதான் அதை முடிவு செய்யும். அதில் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று பங்கு போடுவதில் ஸ்பிரிங்குக்குப் பெரிய கை உண்டு. ஷாக்கோ, அதன் ராடு (உள்ளே போய் வரும் கம்பி) நகரும்போது மட்டும்தான் வேலை செய்யும். வளைவின் நடுவில் கார் சாய்ந்து நிலைத்துவிட்டால் ராடு நகராது, ஷாக்கும் சும்மா இருக்கும். ஆகவே நுழையும்போதும் வெளியேறும்போதும் அந்த எடை டயருக்கு எப்போது, எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பதுதான் ஷாக்கின் அதிகாரம்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கம்ப்ரஷனை (ஷாக் அமுங்கும்போது தரும் எதிர்ப்பை) கெட்டியாக்கினால் பாடி மெதுவாகச் சாயும், அது கண்ணுக்கே தெரியும். ஆனால் டயருக்குப் போகும் சுமை முந்திக்கொண்டு போகும். ஸ்பிரிங் அமுங்கி மெல்ல ஏற்ற வேண்டிய சுமையை, கெட்டியான ஷாக் ராடு வழியாக உடனே இறக்கிவிடும். வலது முன்னில் கம்ப்ரஷன் கெட்டி, இடது முன்னில் ரீபவுண்ட் (விரியும்போது தரும் எதிர்ப்பு) கெட்டி என்றால் என்ன ஆகும்? நுழைந்தவுடன் வலது டயர் மேல் சுமை விழுகிறது, இடது டயர் மேலே இழுக்கப்படுகிறது. டயருக்குச் சுமை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாவதில்லை. வலது டயர் கூடுதலாகப் பெறுவதைவிட இடது டயர் இழப்பது அதிகம். முன்பக்கத்து மொத்தப் பிடி குறைந்து மூக்கு தள்ளுகிறது. பாடி சாய்வதைப் பார்க்காதே, டயரைப் பார் என்றுதான் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சரி, ஈர மண்ணில் இதே ஷாக் ஏன் தொந்தரவு தரவில்லை? பிசுபிசுப்பான மண் அந்தத் திடீர்ச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். அதோடு கார் வேகமாக நுழைவதால் உருளும் விசையும் அதிகம், கெட்டி ஷாக்கையும் அமுக்கிவிடும். காய்ந்தபின் பிடி குறைவு, வேகம் குறைவு, விசையும் குறைவு. அதே ஷாக் இப்போது அந்தக் காருக்கு அளவுக்கு மீறிய கெட்டி. காய்ந்த டிராக்கில் வால்விங்கை இளக்குவது இதனால்தான்.

உன் வரைபடத்துக்கு வருகிறேன். அதில் வேகம் என்று போட்டிருப்பது கார் வேகம் இல்லை, ராடு வேகம். கார் உருளும்போது ராடு விநாடிக்கு இரண்டு மூன்று அங்குலம்தான் நகரும். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் பத்து அங்குலத்தையும் தாண்டும். உன் கோடு மூன்று அங்குலம் வரை செங்குத்தாக ஏறி, அப்புறம் படுத்துவிடுகிறது. நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள். மடை வழியாகத் தண்ணீர் சிறுகப் போய்க்கொண்டே இருக்கும், வரத்து கூடினால் கலுங்கில் மறுகால் பாயும், அதற்கு மேல் கரைக்கு அழுத்தம் அவ்வளவாக ஏறாது. பிஸ்டனில் எப்போதும் திறந்திருக்கும் சின்ன ப்ளீட் துளை மடை, அழுத்தம் கூடினால் வளைந்து வழிவிடும் மெல்லிய தகடுகளான ஷிம் அடுக்கு கலுங்கு. உன் ஷாக்கில் மடை சின்னது, அதனால் உருளும் வேகத்தில் ரொம்பக் கெட்டி. பள்ளத்தில் அது மிருதுவாகத்தான் இருக்கும், டிரைவரும் “ஷாக் சாஃப்டாத்தானே இருக்கு” என்பார். இரண்டும் உண்மை.

ஷிம்மில் கை வைக்கும் முன் ஒன்றை மனதில் வை. 0.15 மில்லிமீட்டர் ஷிம்மையும் 0.20 ஷிம்மையும் விரலால் தடவிப் பார்த்துப் பிரிக்க முடியாது, மைக்ரோமீட்டர் வேண்டும். ஆனால் தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால், 0.20 ஷிம் கிட்டத்தட்ட 2.4 மடங்கு விறைப்பு. பிரித்ததும் பிஸ்டனை லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார். ஷிம் உட்காரும் விளிம்பில் மெல்லிய பளபளப்பு வளையம் தெரியும். அது எங்காவது விட்டுப்போயிருந்தால் அங்கே ஷிம் படியவில்லை, ஆயில் கசிகிறது. பழைய ஆயிலில் மிதக்கும் பித்தளைத் தூள் ஒன்று போதும் அதற்கு. வால்விங்கைக் குறை சொல்லும் முன் அந்த வளையத்தைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

ஒரே குழாயில் ஆயிலும் நைட்ரஜனும் இருக்கும் மோனோடியூப் ஷாக் என்றால் நைட்ரஜன் அழுத்தத்தையும் கணக்கில் எடு. எட்டில் ஐந்து (5/8) அங்குல ராடில் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) இருந்தால், சும்மா நிற்கும்போதே சுமார் 31 பவுண்டு விசையில் ராடை வெளியே தள்ளும். அதை ரொம்பக் குறைத்தால் ஆயிலில் குமிழி கட்டி ஷாக் பிடி விட்டுவிடும். அப்புறம் ஷாக்கின் மேல் கெட்டித்தன்மைக்காக எழுதியிருக்கும் 3, 5 எண்களை நம்பி வேறு கம்பெனி ஷாக்கை மாற்றாதே. ஒருவரின் 5 இன்னொருவரின் 5 இல்லை, டைனோ கோட்டைத்தான் ஒப்பிட வேண்டும்.

இடது பின் ஷாக்கைத் தொடாதே. ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அந்த மூலை எழும்பி நிற்க வேண்டும் என்றுதான் அங்கே ரீபவுண்டை இளக்கி, கம்ப்ரஷனைக் கெட்டியாக வைப்பார்கள். உன் தொல்லை நுழையும் இடத்தில், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டால் எது எதைச் செய்தது என்றே தெரியாது.

நான் அங்கே இருந்தால், காய்ந்த டிராக்குக்கு முதலில் வலது முன் கம்ப்ரஷனில் ப்ளீட்டை ஒரு படி பெரிதாக்குவேன். வேறெதையும் மாற்ற மாட்டேன், டயர் காற்றைக்கூட. அது போதவில்லை என்றால் இடது முன் ரீபவுண்டை ஒரு படி இளக்குவேன். பெரியவரிடம் பக்குவமாகச் சொல், கையோடு டைனோ கோட்டையும் காட்டு.

ஓட்டிப் பார்த்ததும் எழுது. ஓடி முடித்த சூட்டோடு வலது முன், இடது முன் டயர்களைப் படம் எடுத்து அனுப்பு, டிராக் மண்ணையும் சேர்த்து. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்